கடையில் தெரியும் படமும் வீட்டில் தெரியும் படமும்

வாசகர் கேள்வி – பதில்

தொலைக்காட்சி வாங்குவது பற்றிய கடிதங்கள் இம்முறை நிறைய வந்திருக்கின்றன. முதல் கடிதத்துக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் தருகிறேன். முதல் பதிலில் உள்ள பெரும்பாலானவை மற்றவர்களுக்கும் பொருந்தும் என்பதால், எல்லோரும் அதைப் படித்துவிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது 21 அங்குல பிக்சர் டியூப் டிவி. வாங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் இன்றுவரை ஒரு பழுதும் இல்லை. கேபிள் இணைப்புதான். மாலையில் என் மாமியார் தொடர்கள் பார்ப்பார். இரவில் கணவர் செய்தி பார்ப்பார். கல்லூரியில் படிக்கும் மகன், 43 அங்குல 4கே டிவி வாங்கியே ஆக வேண்டும் என்கிறான். கடையில் போய்ப் பார்த்தோம். படம் அப்படியே கண்முன் நிற்பதுபோல் இருந்தது உண்மைதான். ஆனால் முப்பதாயிரம் ரூபாய் என்பது எங்களுக்குச் சிறிய தொகை அல்ல. அவ்வளவு கொடுத்து வாங்குவது தகுமா?
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: வாங்கலாமா என்று யோசிப்பதற்கு முன், உங்கள் வீட்டுக்குள் எப்படிப்பட்ட படம் வந்துகொண்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கேபிள்காரர் கொடுத்திருப்பது சாதாரண செட்டாப் பாக்ஸ் என்றால், அதிலிருந்து வரும் படத்தில் அகலவாக்கில் 720 புள்ளிகளும் உயரவாக்கில் 576 புள்ளிகளும்தான் இருக்கும்; மொத்தம் ஏறத்தாழ 4 லட்சத்து 15 ஆயிரம் புள்ளிகள். முழு எச்.டி. படத்தில் 1920க்கு 1080 என்ற கணக்கில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. உங்கள் மகன் கேட்கும் 4கே பெட்டியின் திரையில் 3840க்கு 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம். சாதாரண பாக்ஸை அந்தப் பெட்டியில் மாட்டினால் என்ன நடக்கும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. திரையில் தெரியும் ஒவ்வொரு 20 புள்ளிகளிலும் ஒன்றுக்குரிய விவரம்தான் ஒளிபரப்பில் வந்தது. மீதி 19 புள்ளிகளைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துப் பெட்டியே கணக்கிட்டு நிரப்புகிறது. எவ்வளவு விலையுயர்ந்த பெட்டியானாலும், வராத விவரத்தை அதனால் வரவழைக்க முடியாது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உங்கள் பழைய டிவியில் படத்தின் உயரம் சுமார் 30 செ.மீ.; 43 அங்குலப் பெட்டியில் அது 53 செ.மீ. ஆகிவிடும். அதே 576 வரிகள் கூடுதல் உயரத்துக்கு இழுக்கப்படுவதால், ஒவ்வொரு வரியும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டராகத் தடிக்கிறது. கேபிளில் அலைவரிசைகளை நெருக்கி அனுப்புவதற்காகப் படத்தைச் சுருக்கும்போது உண்டாகும் கட்டங்களும், முகங்களைச் சுற்றித் தெரியும் கலங்கலும் அதே அளவுக்குப் பெரிதாகும். பழைய டிவியில் கண்ணில் படாமல் இருந்த குறைகள் எல்லாம் புதிய டிவியில் எழுந்து நிற்கும். ‘காசு கொடுத்து வாங்கியும் பழசு மாதிரி இல்லையே’ என்று பலர் மனம் நொந்துபோவது இதனால்தான்.

அப்படியென்றால் கடையில் மட்டும் எப்படி அவ்வளவு தெளிவாக இருந்தது என்று கேட்பீர்கள். கடையில் பெரும்பாலும் ஓடுவது, தயாரித்த நிறுவனமே தன் பெட்டிக்கென்று எடுத்துக் கொடுத்த படம்: பூக்கள், கிளிகள், மெதுவாக வழியும் தேன். வெளிச்சமும் வண்ணமும் கடை விளக்குகளுக்கு ஈடுகொடுக்கும்படி உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். சென்ற ஆண்டு என் தங்கைக்காக ஒரு கடைக்குப் போயிருந்தபோது, அந்தப் படத்தை நிறுத்திவிட்டு, கடையில் இருந்த கேபிள் இணைப்பில் ஒரு செய்தி அலைவரிசையைப் போடும்படி கேட்டேன். கடைப் பையன் சற்றுத் தயங்கி, பிறகு போட்டான். திரையின் அடியில் ஓடும் செய்தி வரியை மட்டும் பார்க்கும்படி தங்கையிடம் சொன்னேன். எழுத்துகளின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எது ‘ண’, எது ‘ன’ என்று பிரித்தறிய முடியாதபடி இருந்தன. அதன்பின் எச்.டி. இணைப்பிலிருந்து ஓர் அலைவரிசையைப் போடச் செய்தோம். சுழிகள் தனித்தனியாக விரிந்தன. பேசிக்கொண்டிருந்த பெண்மணியின் புடவைக் கரையில் இருந்த சிறு கட்டங்கள்கூடத் தெரிந்தன. பெட்டி ஒன்றுதான், அதே இடத்தில்தான் நின்று பார்த்தோம். உள்ளே வந்த படம் மட்டுமே மாறியிருந்தது. நீங்களும் எந்தக் கடைக்குப் போனாலும் இந்த ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்தின் சுழியைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அடுத்தது நீங்கள் உட்காரும் தூரம். இதைக் கடையில் யாரும் கேட்பதில்லை. ஆனால் பணத்தை மிச்சப்படுத்துவது இதுதான். குறையில்லாத பார்வை உடையவர் பத்து அடி தூரத்திலிருந்து ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளிகளைத்தான் தனித்துப் பார்க்க முடியும். ஏழு அடிக்கு வந்தால் 0.6 மில்லிமீட்டர் வரை பிரித்தறியலாம். 43 அங்குல முழு எச்.டி. திரையில் ஒரு புள்ளியின் அளவு அரை மில்லிமீட்டர். 4கே திரையில் அதிலும் பாதி. ஆகவே ஏழு அடியில் உட்கார்ந்தால் முழு எச்.டி.யே உங்கள் கண்ணுக்குப் போதுமானது. அதற்கு மேல் 4கே தரும் நுட்பத்தைக் காண மூன்றடிக்கு வர வேண்டியிருக்கும், அப்படி உட்கார்ந்து யாரும் தொடர் பார்ப்பதில்லை. பத்து அடிக்கு அப்பால் உட்கார்ந்தாலோ, கணக்குப்படி எச்.டி.யின் பயனே பெருமளவு குறைந்துவிடும். ஆனாலும் எச்.டி. ஒளிபரப்பில் அந்தச் சுருக்கக் கட்டங்களும் கலங்கலும் குறைவு என்பதால், பத்து அடியிலும் ஓரளவு வேறுபாடு தெரியவே செய்யும். டிவி வாங்குவதோடு நாற்காலியையும் இரண்டடி முன்னே நகர்த்திப் போடுங்கள் என்பது என் யோசனை.

இனி உங்கள் வீட்டு நிலைக்கு வருகிறேன். எச்.டி. பாக்ஸுக்கு மாறுவதற்கு நீங்கள் தயாராக இருந்தால், 43 அங்குலப் பெட்டி வாங்குவது தகும். நம் நாட்டில் 2010இல் டெல்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளைத் தூர்தர்ஷன் எச்.டி.யில் ஒளிபரப்பியது, தமிழில் சன் டிவியின் எச்.டி. அலைவரிசை 2011இல் வந்துவிட்டது. முன்னணித் தமிழ்ப் பொழுதுபோக்கு அலைவரிசைகளுக்கு இப்போது எச்.டி. வடிவம் உண்டு. ஆனால் உங்கள் கணவர் பார்க்கும் செய்தி அலைவரிசைக்கும் அது இருக்கிறதா என்பதைக் கேபிள்காரரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பாக்ஸ் மாற்ற எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு கூடும் என்பதையும் கேளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்து 2019இல் நடைமுறைக்கு வந்த கட்டண முறையில் ஓர் எச்.டி. அலைவரிசை இரண்டு சாதாரண அலைவரிசைகளாகவே எண்ணப்பட்டது. எச்.டி. வடிவத்தை எடுக்கும்போது, அதே அலைவரிசையின் சாதாரண வடிவத்தைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்ல மறக்காதீர்கள். இல்லையென்றால் ஒரே நிகழ்ச்சிக்கு இருமுறை பணம் கட்டுவீர்கள்.

பாக்ஸை மாற்றும் எண்ணம் இல்லை, இணைய இணைப்பும் இல்லை என்றால், பழுதில்லாமல் ஓடும் பழைய டிவியை இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. 

உங்கள் மகன் கேட்கும் 4கே பற்றியும் சொல்ல வேண்டும். 43 அங்குலத்தில் முழு எச்.டி.க்கும் 4கேவுக்கும் விலை வித்தியாசம் இரண்டு மூவாயிரத்துக்குள் இருந்தால் 4கே எடுப்பதில் தவறில்லை. அதற்கு மேல் என்றால் அந்தப் பணத்தை எச்.டி. பாக்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாமியாருக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. வயதானவர்களுக்கு நுட்பமான புள்ளிகளைவிடப் பெரிய எழுத்தும் பெரிய முகமும்தான் உதவும். அவர் பார்வை மங்கத் தொடங்கியிருந்தால், டிவியின் அளவு பெரிதாவதே அவருக்குப் பெரிய ஆறுதல். அவர் வழக்கமாக உட்காரும் இடம் பக்கவாட்டில் இருந்தால், ஐ.பி.எஸ். வகைப் பேனல் உள்ள பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். சாய்வாகப் பார்த்தாலும் அதில் நிறம் அதிகம் வெளிறாது.

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் 43 அங்குல முழு எச்.டி. டிவி வாங்கினேன். எச்.டி. பாக்ஸும் போட்டாயிற்று. இருந்தும் படம் மங்கலாகத்தான் இருக்கிறது. ஆட்கள் எல்லோரும் குள்ளமாகவும் பருமனாகவும் தெரிகிறார்கள். ஏமாந்துவிட்டேனா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஏமாறவில்லை. பெட்டியின் பின்புறம் பாருங்கள். பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஒயர் வருகிறதா? அப்படியானால் குற்றவாளி அதுதான். அந்த மஞ்சள் முனை வழியாக எச்.டி. படம் வரவே வராது, பாக்ஸ் எச்.டி.யாக இருந்தாலும் சாதாரணப் படமாகக் குறைத்துத்தான் அனுப்பும். எச்.டி. படத்தையும் ஒலியையும் ஒரே ஒயரில் கொண்டுவரும் எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். சில நூறு ரூபாயில் கிடைப்பதே போதும். தங்க முலாம் பூசியது என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. இணைப்புக் கொடுக்க வந்தவர், பழைய டிவியில் செருகியிருந்த அதே மூவண்ண ஒயரைப் புதிய டிவியிலும் செருகிவிட்டுப் போய்விட்டார். படம் வந்ததே போதும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். எட்டு மாதம் எச்.டி.க்குப் பணம் கட்டி, சாதாரணப் படத்தைப் பார்த்திருக்கிறோம். தூசு தட்டுவதற்காகப் பெட்டியை நகர்த்திய அன்றுதான் அது கண்ணில் பட்டது. பாக்ஸின் அட்டைப்பெட்டிக்குள் எச்.டி.எம்.ஐ. கேபிள் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அந்த எட்டு மாதப் பணத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் கேட்பவர்களிடமெல்லாம் முதலில் பின்புறம் பாருங்கள் என்கிறேன்.

கேபிளை மாற்றியபின், பாக்ஸின் அமைப்புப் பகுதிக்குச் சென்று, வெளியீடு 1080 என்று இருக்கிறதா பாருங்கள். சில பாக்ஸ்கள் 576இலேயே நின்றிருக்கும். ஆட்கள் பருமனாகத் தெரிவது வேறு காரணத்தால். பழைய நிகழ்ச்சிகள் 4க்கு 3 என்ற சதுரவாக்கான அளவில் எடுக்கப்பட்டவை. அவற்றை 16க்கு 9 என்ற அகலத் திரை முழுவதும் இழுத்து நிரப்பினால் முகம் அகலும். ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்றோ ‘ஆட்டோ’ என்றோ மாற்றினால் இருபக்கமும் கறுப்புப் பட்டை வரும். ஆட்கள் ஆட்களாகத் தெரிவார்கள். கறுப்புப் பட்டையைப் பார்த்துப் பெட்டி பழுது என்று எண்ணிவிடாதீர்கள். கடைசியாக, ‘விவிட்’ என்ற அமைப்பிலிருந்து ‘சினிமா’ அல்லது ‘ஸ்டாண்டர்டு’க்கு மாற்றி, ‘ஷார்ப்னெஸ்’ அளவைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். சாதாரண அலைவரிசைகளின் கலங்கல் கணிசமாக அடங்கும்.

கேள்வி: படுக்கையறைக்கு 32 அங்குலம் போதும். ‘எச்.டி. ரெடி’ வாங்குவதா, ‘ஃபுல் எச்.டி.’ வாங்குவதா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: ‘எச்.டி. ரெடி’ எனப்படும் 32 அங்குலப் பெட்டிகளில் பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளிகள் இருக்கும். ஆறு அடிக்கு அப்பால் படுத்துக்கொண்டு பார்ப்பதாக இருந்தால் அதற்கும் முழு எச்.டி.க்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. துணிந்து விலை குறைந்ததை வாங்குங்கள். மடிக்கணினியை இணைத்து எழுத்து வேலை பார்ப்பதாக இருந்தால் மட்டும் முழு எச்.டி. எடுங்கள்.

கேள்வி: 55 அங்குல 4கே டிவி வாங்க எண்ணியிருக்கிறேன். வீட்டில் இணைய இணைப்பு உண்டு, திரைப்படங்களை ஓ.டி.டி.யில்தான் பார்க்கிறோம். எங்களுக்கும் எச்.டி. போதும் என்பீர்களா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை. உங்களுக்கு 4கே பொருந்தும். 55 அங்குல முழு எச்.டி. திரையில் ஒரு புள்ளி 0.63 மில்லிமீட்டர் இருக்கும்; ஏழு அடிக்குள் உட்கார்ந்தால் அதன் குறை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். கேபிளிலும் டிஷ்ஷிலும் வரும் நம் வழக்கமான அலைவரிசைகள் 4கேயில் வருவதில்லை. 4கே வருவது இணையத்தின் வழியாகத்தான், அதுதான் உங்களிடம் இருக்கிறது.

ஆனால் இரண்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, நீங்கள் கட்டும் சந்தா. நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் குறைந்த விலைத் திட்டங்களில் 4கே கிடைக்காது. உயர்ந்த திட்டத்துக்குத்தான் கொடுப்பார்கள். முப்பது நாற்பதாயிரம் கொடுத்து 4கே பெட்டி வாங்கிவிட்டு, எச்.டி. மட்டும் தரும் சந்தாவில் ஆண்டுக்கணக்கில் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது, இணைய வேகம். நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படங்களுக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேண்டும் என்கிறது, முழு எச்.டி.க்கு 5 போதும். 4கேயில் ஒரு மணி நேரத்துக்கு 7 ஜி.பி. வரை செலவாகும் என்பதால், மாத அளவு குறைவான இணைப்பில் இது கட்டுப்படியாகாது. ரௌட்டர் ஒரு அறையிலும் டிவி வேறு அறையிலும் இருந்து நடுவில் இரண்டு சுவர்கள் நின்றால், கட்டும் வேகம் அங்கே வந்து சேராது. ரௌட்டரிலிருந்து நீளமான இணையக் கேபிள் ஒன்றை நேராக இழுத்து டிவியில் செருகுவதே உறுதியான வழி.

எச்.டி.ஆர். (படத்தின் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும் முறை) என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அதன் பயன் திரையின் உண்மையான ஒளிர்வைப் பொறுத்தது. விலை குறைந்த பேனல்களில் அந்த ஒளிர்வு இருக்காது. விலையைப் பற்றி ஒரு நல்ல செய்தி: 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ரசீதில் அந்த விகிதம்தான் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: என் தந்தை பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை மட்டுமே பார்ப்பார். அவருக்காக எச்.டி. டிவி வாங்குவதில் பொருள் உண்டா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: உண்டு, ஆனால் எல்லாப் படங்களுக்கும் அல்ல. அந்தக் காலத்துப் படங்கள் 35 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்டவை, அந்தச் சுருளில் பதிந்திருக்கும் விவரம் சாதாரணத் தொலைக்காட்சிப் படத்தைவிட மிக அதிகம். நல்ல நிலையில் உள்ள சுருளை எச்.டி.யில் புதிதாகப் பதிவெடுத்தால், முகத்தின் சுருக்கமும் கண்ணின் ஈரமும் நாம் வீட்டில் இதுவரை பார்க்காத தெளிவில் வரும். 1964இல் வெளியான ‘கர்ணன்’ மறுசீரமைக்கப்பட்டு 2012இல் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்ததை உங்கள் தந்தை நினைவில் வைத்திருப்பார். ஆனால் பல பழைய படங்களுக்கு, முன்பு எப்போதோ வீடியோ நாடாவில் எடுத்த பிரதியையே எச்.டி. அலைவரிசையிலும் இழுத்துப் பெரிதாக்கிப் போடுகிறார்கள். தொலைக்காட்சிக்கென்று வீடியோவில் எடுக்கப்பட்ட பழைய தொடர்களுக்கும் இதே நிலைதான். அவற்றுக்குப் பெரிய திரை நன்மை செய்யாது. 32 அங்குலத்தில் நிறுத்திக்கொண்டால் கலங்கல் அவ்வளவாகத் தெரியாது.

கேள்வி: பெரிய டிவி வாங்கினால் மின் கட்டணம் ஏறிவிடாதா? ஸ்டெபிலைசர் வேண்டுமா?
— ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: 43 அங்குல எல்.இ.டி. டிவி சராசரியாக 75 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 22 அல்லது 23 யூனிட்தான் ஆகும். பழைய பிக்சர் டியூப் டிவியும் ஏறத்தாழ இவ்வளவே எடுத்தது. பலர் கவனிக்காதது செட்டாப் பாக்ஸை. ரிமோட்டில் அணைத்தாலும் அது விழித்துக்கொண்டே இருக்கும். 10 வாட் எடுக்கும் பாக்ஸை நாள் முழுவதும் விட்டுவைத்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட் போய்விடும். இரவில் சுவிட்சையே அணைத்துவிடுங்கள்.

இன்றைய பெட்டிகள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்படுகின்றன. உங்கள் பகுதியில் மின்னழுத்தம் மிகவும் ஏறி இறங்கினால் மட்டுமே ஸ்டெபிலைசர் தேவை. இடிக்கு அது காவல் அல்ல. மழைக்காலத்தில் வானம் இருட்டியதும் மின் பிளக்கை மட்டுமல்லாமல், பாக்ஸுக்கு வரும் கேபிள் ஒயரையும் கழற்றி வையுங்கள். பெட்டிகள் எரிவது பல நேரம் அந்த ஒயர் வழியாகத்தான்.

கேள்வி: புது டிவி வந்துவிட்டது. பழைய பிக்சர் டியூப் டிவியைப் பழைய இரும்புக் கடையில் 150 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா?
— ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: ஓடுகிற நிலையில் இருந்தால், டிவி இல்லாத ஒரு வீட்டுக்கோ, காவலாளி அறைக்கோ கொடுங்கள், சாதாரண பாக்ஸும் அந்த மூவண்ண ஒயரும் இருந்தால் அது இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ஓடவில்லையென்றால் இரும்புக் கடைக்குக் கொடுக்காதீர்கள். செம்புக் கம்பியை எடுப்பதற்காக அங்கே டியூபை உடைப்பார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, உட்புறம் பூசியிருக்கும் பொடியும் மூச்சில் போகக்கூடாதது. உடைக்கும் வேலையைப் பெரும்பாலும் கையுறைகூட இல்லாத ஒருவர்தான் செய்கிறார். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் ஒப்படைக்கலாம், அல்லது புதிய டிவி வாங்கிய கடையிலேயே பழையதை எடுத்துக்கொண்டு மறுசுழற்சிக்கு அனுப்புவார்களா என்று கேட்கலாம். அவர்கள் கொடுப்பது 150 ரூபாயைவிடக் குறைவாக இருந்தாலும் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.